இரும்புக்கும் தோளுக்கும் நடுவே

பழைய துப்பாக்கிகள் வைத்திருக்கும் அருங்காட்சியகங்களில் ஒன்றைக் கவனிக்கலாம். குழலில் துரு ஏறியிருக்கும், விசை தேய்ந்திருக்கும். ஆனால் உடைந்து ஒட்டுப்போட்டிருப்பது பெரும்பாலும் ஒரே இடம்தான். கை பற்றும் இடத்தில், கட்டை மெலிந்து வளையும் கழுத்தில், பித்தளைத் தகடு அறைந்திருக்கும். அல்லது கம்பி சுற்றியிருக்கும். சிலவற்றில் பச்சைத் தோலை ஈரத்தோடு சுற்றித் தைத்திருப்பார்கள். தோல் காய்ந்து சுருங்கியதும் இரும்புப் பட்டைபோல் இறுக்கிக்கொள்ளும். துப்பாக்கியில் மரம் மிக மெலிந்திருப்பது அந்தக் கழுத்தில்தான். அதிகம் உழைப்பதும் அங்கேதான்.

கையால் செய்த துப்பாக்கிக் கட்டை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பளபளப்பு, செதுக்கு வேலை, அப்புறம் விலை. லண்டனில் பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பழைய நிறுவனங்களில் கட்டை வேலைக்கென்றே தனிக் கைவினைஞர்கள் உண்டு. ஒரு துப்பாக்கி முடிய மாதக்கணக்கில் ஆகும். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். வேட்டையில் எனக்கும் ஈர்ப்பு கிடையாது. ஆனால் அந்தத் தச்சர் தன் மேசைமேல் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு, கதவும் நாற்காலியும் சொல்லித்தராத பலவற்றை மரத்தைப் பற்றிச் சொல்லித்தருகிறது. மழைக்காலத்தில் கதவு உப்பினால் இழுத்துச் சாத்திவிட்டுப் போகிறோம். துப்பாக்கிக் கட்டை கால் மில்லிமீட்டர் உப்பினாலும் குண்டு வேறு இடத்தில் போய் விழலாம்.

1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு, இன்றும் வேட்டைக்காரர்கள் விடாமல் பயன்படுத்தும் ‘.30-06’ தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை ஏறத்தாழ 10 கிராம். வெளியேறும் வேகம் நொடிக்கு 850 மீட்டருக்கு மேல். மருந்து எரியும்போது உள்ளே எழும் அழுத்தம் உச்சத்தில் நாம் வாழும் காற்றின் அழுத்தத்தைவிட 4,000 மடங்கு. குழலின் துளை 7.62 மில்லிமீட்டர். அந்தச் சிறு வட்டத்தின்மேல் விழும் விசை 18,000 நியூட்டனுக்கு மேல், அதாவது இரண்டு டன் பாரத்துக்குச் சற்றே குறைவு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கியும் அதே விசையோடு பின்னால் தள்ளப்படுகிறது. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய நேரம்தான். அதற்குள்ளும், குண்டின் பின்னால் பீறிடும் வாயுவாலும், மூன்றரைக் கிலோ ரைபிள் நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்துக்குப் போய்விடுகிறது.

விசை பிறப்பது எஃகில். மரம் அதோடு சேர்ந்து இழுபட வேண்டியது மட்டும்தான். கட்டையின் எடை சுமார் ஒரு கிலோ என்று வைத்தால், ரைபிளின் மொத்த எடையில் கால்பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆகவே மரத்தைத் தன்னோடு பின்னால் கொண்டுபோக எஃகு அதன்மேல் செலுத்த வேண்டிய விசை உச்சத்தில் சுமார் 5,000 நியூட்டன். அரை டன். அதுவும் கண் இமைப்பதற்குள் வந்து போகும் அரை டன்.

அது மரத்தில் எங்கே இறங்குகிறது? ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரில் பால் மவுசர் உருவாக்கிய 1898ஆம் ஆண்டு ரைபிளைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். பின்னால் வந்த வேட்டை ரைபிள்களில் பலவற்றுக்கு அதுதான் முன்மாதிரி. குழல் வந்து திருகும் எஃகுப் பெட்டியின் அடிவயிற்றில் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். உதைதாங்கி என்று வைத்துக்கொள்வோம். கட்டையில் அதற்கென்று ஒரு குழி தோண்டியிருக்கும். சுடும்போது இந்தப் புடைப்பின் பின்முகம் குழியின் பின்சுவரில் போய் மோதுகிறது. பின்னுதைப்பு முழுவதும் மரத்துக்குள் நுழைகிற வாசல் அது.

அந்தச் சுவர் தாக்குப்பிடிக்கக் காரணம் மரத்தின் அமைப்பு. நீளவாட்டில் அடுக்கிய நுண்குழாய் செல்களால் ஆனது மரம். அமெரிக்கக் கறுப்பு அக்ரூட் மரத்தை அந்த நீளவாட்டில் அழுத்தினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 52 நியூட்டன் வரை தாங்கும். குறுக்கே அழுத்தினால் 7 நியூட்டனிலேயே நசுங்கத் தொடங்கிவிடும். ஒரே மரம், ஏழு மடங்கு வித்தியாசம். உதைதாங்கி மோதுவது நார்களின் நுனியில் என்பதால் பிழைத்தோம். ஆனால் மரத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு. நார்கள் ஒன்றை ஒன்று உரசி நழுவும் திசையில் அதன் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்கு 9 நியூட்டன் அளவுதான். விறகு வெட்டுபவர் கோடரியை எந்தப் பக்கமாக இறக்குகிறார் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குழிக்குப் பின்னால் மரம் போதாமல் போனால் அது துண்டாகப் பிளந்து பின்னால் தள்ளப்படும். ராணுவ மவுசர்களில் அந்த இடத்தில் கட்டைக்குக் குறுக்கே எஃகு ஆணி ஒன்று போகும். வெளியே வட்டமாகத் தெரியும் அதன் தலையை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது.

கட்டை வேலையில் பாதிக்கு மேல் வெளியே தெரியாத இடத்தில்தான் நடக்கிறது என்பது இங்கிருந்து புரியும். எஃகுப் பகுதி உட்காரும் பள்ளத்தைத் தோண்டுவது அந்த வேலை. விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து எஃகின் அடியில் மெல்லப் பூசுகிறார்கள். அதை மரத்தில் வைத்து லேசாகத் தட்டி எடுத்தால் தொட்ட இடத்தில் மட்டும் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் உளியால் சீவி எடுத்துவிட்டு மறுபடி பூசுவது, வைப்பது, தட்டுவது, சீவுவது. முதலில் மூன்று புள்ளி, பிறகு பத்து, பிறகு முப்பது. கடைசியில் பள்ளம் முழுக்கக் கரி படியும். எஃகின் முகம் பத்தில் ஒரு பங்கு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே அழுத்தம் பத்து மடங்கு. அந்த இடம் நசுங்கும், எஃகு ஒரு மயிரிழை நகரும், அடுத்த குண்டு முதல் குண்டு போன வழியில் போகாது. புகைக்கரி இங்கே அளவுகோலாக வேலை செய்கிறது. படியும் கரிப்படலம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனம் இருந்தால் அதிகம். அவ்வளவு நுட்பத்தை ஒரு திரியும் கொஞ்சம் எண்ணெயும் கொடுத்துவிடுகின்றன.

இவ்வளவு நெருக்கமாகப் பொருத்துகிறவர் ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே இடைவெளி விடுவார். எஃகுப் பெட்டியின் வால் கழுத்தின் மேற்புறத்தில் நாக்குபோல நீண்டு முடியும். அதன் பின்நுனி மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ஆப்பாக மாறிக் கழுத்தைப் பிளக்கும். பார்வைக்குத் தெரியாத அளவுக்கு ஒரு கீற்று இடைவெளி போதும். மிக நேர்த்தியாகப் பொருத்திய கட்டையே முதலில் வெடிக்கும் விந்தைக்குப் பல நேரம் இந்த வால் நுனிதான் காரணம்.

குழலின் கதையும் இதேதான். சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் பிரச்சினை இல்லை. மரம் ஒரு நாள் தொட்டும் ஒரு நாள் தொடாமலும் இருந்தால்தான் ஆபத்து. 60 சென்டிமீட்டர் குழலின் முனையை மரம் முட்டி வெறும் 0.1 மில்லிமீட்டர் வளைத்தால், முனையின் திசை மாறும் கோணத்தைக் கணக்கிட்டு 100 மீட்டர் தூரத்துக்கு நீட்டிப் பாருங்கள். குண்டு இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அதனால் பலரும் குழலைச் சுற்றி மரத்தைத் தொடவே விடுவதில்லை. ஒரு ரூபாய் நோட்டை மடித்துக் குழலுக்கு அடியில் நுழைத்து, முனையிலிருந்து எஃகுப் பெட்டி வரை தடையின்றி இழுத்துப் பார்ப்பது பட்டறைச் சோதனை. மெலிந்த குழல் என்றால் முனையருகே கொஞ்சம் முட்டுக்கொடுப்பதே நல்லது என்று வாதிடுபவர்களும் உண்டு. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

இனிக் கழுத்துக்கு வருவோம். குழல் கிடைமட்டமாக ஓடுகிறது. தோளில் பதியும் பின்பகுதி அதைவிடத் தாழ்ந்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கழுத்து சரிவாக இறங்கியாக வேண்டும். நேரான நார் உள்ள பலகையில் அப்படியே வரைந்து அறுத்தால் கழுத்தில் நார் குறுக்கே வெட்டுப்படும். இதன் விலை என்ன என்று விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1910இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் அளந்து வைத்திருக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற அளவில் நார் சாய்ந்திருந்தால் வளைவைத் தாங்கும் வலிமை 81 சதவீதமாகக் குறையும். ஐந்துக்கு ஒன்று சாய்ந்தால் 55 சதவீதம்தான் மிஞ்சும். மெதுவாக வளைக்கும்போது இந்தக் கணக்கு. திடீர் அடி என்றால் நிலைமை இன்னும் மோசம்: பத்துக்கு ஒன்றில் 62 சதவீதம், ஐந்துக்கு ஒன்றில் வெறும் 36 சதவீதம். ஐந்துக்கு ஒன்று என்பது 11 டிகிரி சாய்வு. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்கே படாது.

ஆகவே முதல் உளி விழுவதற்கு முன்பே கட்டையின் தலைவிதி பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கட்டையின் வடிவத்தை ஒளி ஊடுருவும் தகட்டில் வெட்டிவைத்துக்கொண்டு, பலகைமேல் இங்கும் அங்கும் நகர்த்திப் பார்ப்பார்கள். கழுத்தில் நார் கழுத்தோடு சேர்ந்தே இறங்க வேண்டும். குழலுக்குக் கீழே நேராக ஓட வேண்டும். இல்லையென்றால் முன்கட்டை ஒருபக்கமாகத் திரும்பிக் குழலை முட்டும். இரண்டையும் சேர்த்துத் தருகிற பலகைக்கு இயற்கை ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. மரத்தின் அடித்தூர், தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம். அங்கே நார் தானாகவே வளைந்து இறங்கும். அதனால் நல்ல அக்ரூட் மரத்தைத் தரையோடு அறுக்காமல் சுற்றித் தோண்டி வேரோடு எடுக்கும் வழக்கம் உண்டு. தோண்டுவது கூலிக்குக் கேடு. மண்ணும் கல்லும் புகுந்த தூரை அறுப்பது ரம்பத்துக்குக் கேடு. ஆனாலும் விலையைத் தீர்மானிப்பது அந்த மூன்றடிதான்.

மரத்தில் நாம் அழகு என்று வியப்பதெல்லாம் பெரும்பாலும் நார் வழிதவறியதன் அடையாளம். அலையலையாக ஓடும் நார் ஒளியை ஓரிடத்தில் திருப்பியனுப்பும், அடுத்த இடத்தில் விழுங்கும். கட்டையைத் திருப்பத் திருப்பப் பட்டைகள் நகர்வதுபோல் தோன்றும். கிளை பிரியும் கவட்டையில் இறகு விரித்த வரிகள் கிடைக்கும். முடிச்சுகளும் சுழிகளும் இன்னும் கவர்ச்சி. எல்லாமே வலிமைக்கு எதிரி. மிக உறுதியான பலகை பார்க்கச் சப்பென்று இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக்காரர்கள் அலைநார் மேப்பிளில் நீண்ட ரைபிள்களைச் செய்தார்கள். கண்ணைப் பறிக்கும் வேலை. ஆனால் அலை கழுத்திலும் ஓடுவதால் அங்கே உடைவதற்கு வழி திறந்தே இருந்தது. இன்றைய கைவினைஞர் பேரம் பேசுகிறார். வரியும் சுழியும் பின்கட்டையில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், அங்கே மரம் தடித்திருக்கிறது. கழுத்துக்கு வந்ததும் நேர்நார். வாங்குபவர் ஏலம் கேட்பது பின்கட்டையின் அழகுக்கு. பிழைத்திருப்பது கழுத்தின் சாதாரணத்தால்.

அக்ரூட் மரத்தை ஏன் இப்படித் தேடுகிறார்கள்? அதைவிட வலுவான மரங்கள் உண்டு, மலிவானவையும் உண்டு. விடை வலிமையில் இல்லை, சுருக்கத்தில் இருக்கிறது. பச்சை மரம் முழுவதும் காயும்போது ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே ஒரு அளவும், வளையத்தை ஒட்டிய திசையில் வேறு அளவும் சுருங்கும். கறுப்பு அக்ரூட்டுக்கு இவை 5.5, 7.8 சதவீதம். ஐரோப்பிய பீச் மரத்துக்கு ஏறத்தாழ 6, 12 சதவீதம். மரம் முறுக்கிக்கொள்வது எவ்வளவு சுருங்குகிறது என்பதால் மட்டுமல்ல, இரண்டு திசையிலும் எவ்வளவு வேறுபட்டுச் சுருங்குகிறது என்பதாலும்தான். பீச் மரத்தில் ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்கு. அக்ரூட்டில் ஒன்றரை மடங்குகூட இல்லை. நம் தேக்கு சுருங்கும் அளவு இன்னும் குறைவு. ஆனால் அதிலிருக்கும் சிலிக்கா உளியின் முனையை மழுக்கும், திடீர் அடியைத் தாங்குவதிலும் அது பின்தங்கிவிடும். ஓக் மரத்தின் அமிலம் இரும்பை அரிக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது அக்ரூட்: அடியைத் தாங்கும், அளவான கனம், உளிக்கு எந்தப் பக்கமும் ஓரளவு இணங்கும், காய்ந்தபின் கிட்டத்தட்ட அசையாது.

போர்க்காலத்தில் இந்த மரத்துக்கு எத்தனை தட்டுப்பாடு வந்தது என்பதற்கு 1918 சாட்சி. துப்பாக்கிக் கட்டைக்கும் விமானங்களின் உந்துவிசிறிக்கும் ஒரே மரம் தேவைப்பட்டதால், அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் நாட்டின் சாரணச் சிறுவர்களிடம் கறுப்பு அக்ரூட் மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று தேடிக் கணக்கெடுக்கச் சொன்னார். நம் நாட்டில் அக்ரூட் என்றால் காஷ்மீர். அங்கே 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி தன் தோட்டத்தில் நிற்கும் மரமானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது.

வெட்டிய மரம் உடனே கட்டையாகாது. பட்டறைகளில் ஒரு பழமொழிக் கணக்கு உண்டு: ஓர் அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு காயவிடு. இரண்டரை அங்குலப் பலகைக்கு இரண்டரை ஆண்டு என்று இதிலிருந்து முடிவுகட்டினால் ஏமாற வேண்டியதுதான். உள்ளே இருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு ஊர்ந்து வர எடுக்கும் நேரம் கனத்தின் நேர்விகிதத்தில் கூடுவதில்லை, கனத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. இரண்டு மடங்கு தடித்தால் நான்கு மடங்கு நேரம். அனுபவசாலிகள் ஐந்தாறு ஆண்டு கிடந்த பலகையைத் தேடுவது வெறும் பழைமைப் பற்று அல்ல. நீர் நீளவாட்டில் மிக வேகமாக வெளியேறும் என்பதால் பலகையின் இரு நுனிகளிலும் மெழுகு பூசி அடைத்துவிடுவார்கள். இல்லையென்றால் நுனி முதலில் சுருங்கி நெடுக வெடிக்கும்.

காய்ந்த மரமும் ஓய்வெடுப்பதில்லை. சுற்றியுள்ள காற்றோடு அது ஓயாமல் பேரம் நடத்திக்கொண்டிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்தில் அதன் எடையில் சுமார் 6 சதவீதம் நீர் இருக்கும். 65 சதவீதம் என்றால் 12. மழைக்காலத்தில் 90ஐத் தொட்டால் 20. வறண்ட ஊரில் செய்த கட்டையைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து, மரத்தின் நீர் 6 சதவீதப் புள்ளி ஏறியதாக வைத்துக்கொள்வோம். அக்ரூட் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 0.28 சதவீதம் விரியும். 40 மில்லிமீட்டர் அகல முன்கட்டை 0.6 மில்லிமீட்டருக்கு மேல் அகலும். ரூபாய் நோட்டு நுழைய விட்டிருந்த இடைவெளியைவிட இது பல மடங்கு. அகல்வது இரு பக்கமும் சமமாக இருந்தால் குழலுக்கு ஆபத்தில்லை. நார் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சமமாக இருக்காது. பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது விட்ட பிழை மூன்று வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் வெளியே வருகிறது.

இதையெல்லாம் ஓர் இயந்திரம் செய்யுமா? வெளிவடிவத்தை மட்டும் என்றால் 1819லேயே செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் பிளாஞ்சார்ட் ஒரு கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கடைசல் என்றால் உருண்டையான பொருள்தான்: நாற்காலிக் கால், பம்பரம், தூண். பிளாஞ்சார்ட் ஒரே அச்சில் இரண்டு கட்டைகளைச் சுழலவிட்டார். ஒன்று, முடிந்த மாதிரி. மற்றொன்று, செதுக்கப்படாத மரம். மாதிரியின்மேல் ஒரு சக்கரம் ஏறி இறங்கும். அதே அளவு ஏறி இறங்கும் வெட்டுச் சக்கரம் மரத்தைக் கடையும். மேடுபள்ளமான எந்த வடிவமும் இப்படி நகலாகும். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் கையால் செதுக்கிக்கொண்டிருந்தவர்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. 1850களில் பிரிட்டன் அமெரிக்காவிலிருந்து இத்தகைய இயந்திரங்களை வாங்கித் தன் என்ஃபீல்ட் ஆலையில் நிறுவியது. பிறகு செருப்புத் தைக்கும் அச்சுக்கட்டை, கோடரிப் பிடி எல்லாம் இந்த வழியில் வந்தன. வடிவத்தை நகலெடுக்கும் அந்தச் சக்கரத்துக்கு நாரின் ஓட்டம் தெரியாது. பலகையை அதில் எப்படிப் பூட்டுவது என்ற முடிவு அப்போதும் மனிதக் கண்ணிடம்தான் இருந்தது.

நகலெடுப்பதில் இன்னொன்றும் தொலைந்தது. எல்லாக் கட்டையும் ஒரே அளவு என்றால் எல்லாச் சிப்பாயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இதற்கு லீ-என்ஃபீல்ட் ரைபிள் ஒரு தீர்வு வைத்திருந்தது. அதன் முன்கட்டையும் பின்கட்டையும் தனித்தனித் துண்டுகள், இடையில் எஃகு. நீளமான அக்ரூட் பலகை கிடைக்காத நாட்டுக்கு அது சிக்கனமும்கூட. பின்கட்டையை மட்டும் நான்கு நீளங்களில் செய்தார்கள். வழக்கமான அளவு, அதைவிட அரை அங்குலம் கூடியது, அரை அங்குலம் குறைந்தது, ஓர் அங்குலம் குறைந்தது. கட்டை மாற்றினால் போதும், துப்பாக்கி ஆளுக்குப் பொருந்திவிடும்.

உடம்புக்கேற்ற கட்டை என்பது ஆடம்பரம் அல்ல, ஒளியியல். பறவை சுடும் ஷாட்கன்னில் பின்பக்கக் குறிகாட்டி கிடையாது. சுடுபவரின் கண்ணே அந்த வேலையைச் செய்கிறது. கன்னம் கட்டையில் எங்கே பதிகிறதோ அங்கே கண் நிற்கும். கன்னம் பதியும் முகடு 3 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலுள்ள முன்குறியை நோக்கிய கோடு அந்த அளவு சாயும். 35 மீட்டரில் அது 11 சென்டிமீட்டராகப் பெருகும். தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் இவ்வளவு பிழை வராது. ஆனால் கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதிலேயே நேரம் போய்விடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் இதற்கென்றே மூட்டுகளும் திருகுகளும் வைத்த ஒரு சோதனைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர் அதைத் தோளில் வைப்பார். தையற்காரர் நாடா பிடிப்பதுபோல நீளம், இறக்கம், பக்கவாட்டுச் சாய்வு எல்லாவற்றையும் திருகிச் சரிசெய்து எண்களைக் குறித்துக்கொள்வார்கள். மரத்தில் உளி விழுவது அதற்குப் பிறகு.

கழுத்து எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பின்னுதைப்பு மேல்நோக்கித் திரும்பும். விசை குழலின் அச்சில் பின்னால் வருகிறது. தோள் அதற்குக் கீழே தடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடே நெம்புகோல். முன்முனை எகிறும், முகடு கன்னத்தில் அறையும். பழைய மேப்பிள் ரைபிள்களில் இறக்கம் அதிகம். நல்லவேளையாக அவற்றின் உதைப்பு குறைவு. 1940களில் கலிஃபோர்னியாவில் ராய் வெதர்பி மிக வேகமான தோட்டாக்களுக்கு ரைபிள் செய்யத் தொடங்கியபோது, முகட்டை முன்னோக்கிச் சரியவிட்டார். கட்டை பின்னால் வரும்போது முகடு கன்னத்தைவிட்டு விலகிப் போகும். பார்ப்பதற்கு அந்தக் கட்டைகள் எனக்குக் கொஞ்சம் மிகையாகவே தோன்றும். ஆனால் அந்தச் சரிவின் இயற்பியல் சரி.

பிடிக்குக் கட்டம் போடும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் அங்குலத்துக்கு இருபதிலிருந்து இருபத்துநான்கு கோடுகள், இரண்டு திசையில் குறுக்கும் மறுக்குமாக. ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டைப் பார்த்துப் போடுவது என்பதால் ஒரு கோடு பிசகினால் பிசகு கடைசிவரை தொடரும். வியர்த்த கை வழுக்காமலிருக்கத்தான் இது தொடங்கியது. நுண்துளை குறைந்த, அடர்ந்த அக்ரூட்டில்தான் அந்தச் சிறு கூம்புகள் நொறுங்காமல் நிற்கும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய். அது காய்வதில்லை, ஆக்சிஜனை உறிஞ்சித் தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. ‘காய்ந்த’ எண்ணெய் ஊற்றியதைவிட எடை கூடியிருக்கும். அப்போது வெப்பமும் வெளிவரும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். மரப் பட்டறைகள் எரிந்ததற்கு இது ஒரு பழைய காரணம். லண்டன் கட்டைகளின் செம்மைக்கு ஆல்கனெட் என்ற செடியின் வேரை எண்ணெயில் ஊறவைப்பார்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயில் வேம்பாளம்பட்டை போட்டதும் நிறம் இறங்குமே, அதே மாதிரி. செடி வேறு, ஆனால் இரண்டு சாயமும் எண்ணெயில் கரையும். தினமும் ஒரு துளி, உள்ளங்கையால் தேய்ப்பது, வாரக்கணக்கில்.

இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் ஆளிவிதை எண்ணெய் ஈரத்தைத் தடுப்பதில் மிக மோசமானது. மேலே விழும் மழைத்துளியை அது உருட்டிவிடும். காற்றிலுள்ள நீராவியைத் தடுக்காது. ஈரமான அறையில் இரண்டு வாரம் வைத்தால் எண்ணெய் பூசிய மரமும் பூசாத மரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீரை ஏற்றிருக்கும். எபாக்சிப் பூச்சு இதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் கீறல் விழுந்தால் எண்ணெய்க் கட்டையில் மறுநாள் ஒரு துளி தேய்த்துச் சரிசெய்யலாம். எபாக்சியை முழுவதும் சுரண்ட வேண்டும். சிப்பாயின் கையில் கொடுத்தது எண்ணெய்ப் புட்டி என்பதில் நியாயம் இருக்கிறது.

ஈரத்தோடு நடந்த சண்டைக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானியர்கள் வேறு வழி கண்டார்கள். பீச் மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவிப் பசையிட்டு அடுக்கி மவுசர் கட்டைகளைச் செய்தார்கள். ஒரு தகடு முறுக்கப் பார்த்தால் பக்கத்துத் தகடுகள் விடா. அழகில் அக்ரூட்டுக்கு ஈடில்லை, எடையும் கூடுதல், ஆனால் நிலையாக நின்றது. அதற்குப் பின் கண்ணாடியிழை வந்தது, 1960களில் எம்-16 ரைபிளோடு பிளாஸ்டிக் வந்தது. ராணுவங்கள் மரத்தைக் கைவிட்டன. மரத்தை விடாதவர்களும் இப்போது உதைதாங்கிக்குப் பின்னால் புகைக்கரியோடு நிறுத்துவதில்லை. எபாக்சியை ஊற்றி எஃகை அதில் பதித்து அச்செடுக்கிறார்கள்.

ஒலிம்பிக் ரைபிள் வீரர்களின் கட்டை இன்று அலுமினியம். நீளம், இறக்கம், சாய்வு எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகு. பழைய சோதனைத் துப்பாக்கியே போட்டித் துப்பாக்கியாகிவிட்டது. ஆனால் 10 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு வருபவர்களின் கையைப் பார்த்தால் பிடி பெரும்பாலும் இன்னும் அக்ரூட்தான். ஆலையிலிருந்து சிறிது, நடுத்தரம், பெரிது என்று வரும். வாங்கியவர் விரலிடுக்கில் உறுத்தும் இடத்தை அரத்தால் ராவி, உள்ளங்கை தொடாத இடத்தில் மரத்தூள் பசையைக் குழைத்து நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி பிடித்துப் பார்ப்பார். உள்ளங்கையின் மேடுபள்ளம் அத்தனையையும் பின்தொடரும் திருகு இன்னும் வரவில்லை.